பிள்ளை நோயும் பெற்றோர் கடனும்

(கார்வேட்டிநகரத்தில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில், காலனியைச் சேர்ந்த பெற்றோர் இருவர் சார்பில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். ஆனால் நாங்கள் புலவர்கள் அல்லோம். எங்களுள் ஒருவர் விசைத்தறிக் கூடத்தில் கணக்கு எழுதுபவர். மற்றவர் வீட்டிலேயே தையல் இயந்திரம் வைத்துப் பிழைப்பவர். எங்களைப் பேச அழைத்தபோது, "எங்களுக்குத் தெரிந்தது ஒன்றே; அது எங்கள் வீட்டுச் செய்தி" என்றோம். "அதையே சொல்லுங்கள்" என்று செயலாளர் பணித்தார். ஆகவே வந்து நிற்கின்றோம்.

எங்கள் மூத்த மகளுக்கு 2022ஆம் ஆண்டு முதல் பெருங்குடலில் ஒரு நோய் இருக்கிறது. இச்செய்தியை இக்காலனியில் இன்றுதான் முதன்முதலாக வாய்விட்டுச் சொல்கின்றோம். "பெண் பிள்ளையின் நோயைப் பலர் அறியச் சொல்லலாமா? நாளைக்கு மணம் பேச வருவோர் பின்வாங்கமாட்டார்களா?" என்று எங்கள் வீட்டுப் பெரியவரே கேட்டார். அக்கேள்விக்கு நாங்கள் விடை சொல்லவில்லை. மகளே சொன்னாள். "மறைத்துக் கட்டிக்கொடுத்தால் மாத்திரையை எங்கே மறைத்து வைப்பேன், பாட்டி?" என்றாள். பாட்டி வாயடைத்துப் போனார். மகளின் இசைவு பெற்றே இன்று பேசுகின்றோம். நாங்கள் சொல்லப் போவன அனைத்தையும் அவள் முன்கூட்டியே படித்துப் பார்த்தாள். இரண்டு இடங்களை அடித்தும் விட்டாள்.

திருக்குறளில் 'மருந்து' என ஓர் அதிகாரம் உண்டென்பது இங்குள்ள மாணவர்க்கும் தெரியும். அவ்வதிகாரத்தின் இறுதியில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் என்பன அந்நான்கு. இவ்வரிசையில் முதலிடம் மருத்துவருக்கு அன்று, நோயுற்றவருக்கே. நாங்கள் இதனைப் பள்ளியில் மனப்பாடம் செய்தோம். ஆனால் இதன் பொருள் எங்களுக்கு விளங்கியது, எங்கள் மகள் நோயுற்ற பிறகுதான்.

முதலில் நோய் இன்னதென்று கூறிவிடுகின்றோம். குடல் அழற்சி நோய் என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் இருவகை முதன்மையானவை. ஒன்று, பெருங்குடலின் உட்புறத் தோலில் புண்ணும் அழற்சியும் உண்டாவது. இதற்கு ஆங்கிலப் பெயரிட்டு 1859ஆம் ஆண்டில் எழுதியவர் இலண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ். மற்றொன்று, வாய் முதல் குதம் வரை உணவுக் குழலின் எவ்விடத்திலும் தோன்றிக் குடற்சுவரை ஆழமாகத் தாக்குவது. இதனை 1932ஆம் ஆண்டில் நியூயார்க்கு மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த க்ரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் என்னும் மூவர் விளக்கி எழுதினர். அதனால் க்ரோன் நோய் என்னும் பெயர் நிலைத்தது. எங்கள் மகளுக்கு இருப்பது முதல் வகை.

உடலைக் காக்க வேண்டிய காவற்படையே தன் குடலைப் பகையென்று கருதித் தாக்குவதுதான் இந்நோய். இஃது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. தாய் காரம் மிகுதியாகச் சமைத்ததால் வந்ததன்று. யார் செய்த பாவத்தாலும் வந்ததன்று. பிறவியில் அமைந்த உடற்கூறு, குடலில் வாழும் நுண்ணுயிர்கள், மாறிவரும் வாழ்க்கைமுறை ஆகிய பலவும் கூடி இதனை உண்டாக்குகின்றன என்பர் அறிஞர். முற்றிலும் நீக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் அடக்கி வைக்கும் மருந்துகள் உள்ளன. அடங்கியிருக்கும் காலத்தில் பிள்ளை படிக்கலாம், ஓடலாம், நாளை மணந்து மக்களைப் பெறலாம். அடங்கிய நோய் மீண்டும் தலைதூக்கும் காலமும் உண்டு. ஆகவே இஃது ஒரு நாள் வைத்தியத்தில் முடிவதன்று. நாள்தோறும் கணக்குப் பார்த்து நடத்த வேண்டிய வாழ்க்கை.

"இது வெள்ளைக்காரர் நோயன்றோ? நமக்கெப்படி வந்தது?" என்று எங்களைச் சிலர் கேட்டதுண்டு. நாங்களும் அவ்வாறே எண்ணியிருந்தோம். பஞ்சாபில் லூதியானா மருத்துவர்கள் 51,910 பேரை ஆராய்ந்து 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், எங்கள் மகளுக்குள்ள நோய் 23 பேருக்கு இருக்கக் கண்டனர். இலட்சத்துக்கு ஏறத்தாழ 44 பேர் என்பது கணக்கு. ஐதராபாத்து ஆசிய இரைப்பைக் குடலியல் மருத்துவ நிலையத்தார் வயிற்றுத் தொல்லையுடைய 30,000-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2023ஆம் ஆண்டில் எழுதியதில், இந்நோய் நகரங்களில் மட்டுமன்றிச் சிற்றூர்களிலும் இருப்பது தெரியவந்தது. இங்கிலாந்தின் லெஸ்டர்ப் பகுதியில் குடியேறிய இந்தியரிடையே இந்நோய் அந்நாட்டாரிடையே உள்ளதைவிட மிகுதி என்று 1992ஆம் ஆண்டிலேயே ஓர் ஆய்வு கூறியது. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம்மனோர் இதனைக் கருத்தில் கொள்ளுதல் நலம்.

இனி எங்கள் கதையைச் சொல்கின்றோம். 2022ஆம் ஆண்டு ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி செல்ல நாங்கள் புறப்பட்டோம். ஆண்டுதோறும் முதலாளாக நிற்கும் மகள் அவ்வாண்டு வரமறுத்தாள். அப்போது அவளுக்கு வயது 13. காரணம் கேட்டபோது, "தலைவலி" என்றாள். உண்மை வேறு. வழியில் கழிவறை இராது என்னும் அச்சமே அவளைத் தடுத்தது. அதற்கு மூன்று திங்கள் முன்பே மலத்தில் இரத்தம் கண்டு, ஒருவரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். பள்ளியில் இடைவேளைக்கு முன் எழுந்து போகக் கூசி, காலை உணவை விட்டிருக்கிறாள். அவள் இளைப்பதைக் கண்டு, "வளர்கிற பிள்ளை அப்படித்தான்" என்று நாங்கள் தேற்றிக்கொண்டோம்.

இரத்தம் என்று தெரிந்த பிறகும் நாங்கள் உடனே நல்வழியில் சென்றோம் என்று சொல்வதற்கில்லை. முதலில் "உடம்புச் சூடு" என்று வெந்தயமும் நீர்மோரும் கொடுத்தோம். பிறகு "மூலம்" என்றார் ஒருவர். அதற்கும் மருந்து வாங்கினோம். பிறகு "சீதபேதி" என்று மூன்று முறை மாத்திரை உண்டாள். நம் மக்கள் வயிற்றில் எது வந்தாலும் "அல்சர்" என்ற ஒரே சொல்லால் குறிப்பார்கள். அச்சொல்லும் எங்களைச் சிலகாலம் ஏமாற்றியது. எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டுக்கு ஓடத் தெரிந்த நமக்கு, குடல் அழுகிறது என்றால் எங்கே ஓடுவது என்று தெரியவில்லை. முடிவில் பெரிய மருத்துவமனையொன்றில் விளக்குக் குழாயைக் குடலுக்குள் செலுத்திப் பார்த்து, தசைத்துணுக்கை எடுத்துச் சோதித்து நோயைச் சொன்னார்கள். அப்போது கார்த்திகை பிறந்துவிட்டது.

வேறு வீடுகளில் மற்றோர் இடர் நேர்வதுண்டு. க்ரோன் நோயும் குடலில் வரும் காசநோயும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். காசநோய் மிகுந்த நம் நாட்டில், க்ரோன் நோயாளர் பலர் பல திங்கள் காசநோய் மருந்து உண்ட பிறகே உண்மை வெளிப்படுகிறது. இவ்விரண்டையும் தசைத்துணுக்கைக் கொண்டு வேறுபடுத்தி அறியும் வழியை ஆராய்ந்து 1999ஆம் ஆண்டில் எழுதியோர், நமக்கு அண்மையிலுள்ள வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர். ஆதலின், நீண்ட நாள் வயிற்றுப்போக்கு, இரத்தம், எடைக் குறைவு, காய்ச்சல், வளர்ச்சி நிற்றல் ஆகியவற்றுள் ஒன்று உங்கள் பிள்ளைக்கு இருந்தால், கைவைத்தியத்தில் காலம் போக்காதீர்கள். எங்களைப் போல ஐந்து திங்களை இழக்காதீர்கள்.

மருந்து தொடங்கியதும் ஆறே வாரத்தில் இரத்தம் நின்றது. வீட்டில் பொங்கல் வைத்தோம். திருமலைக்கும் சென்று வேண்டுதலை நிறைவேற்றினோம். நோய் போயிற்று என்றே எண்ணினோம். மகளும் அவ்வாறே எண்ணினாள். யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினாள். 2023ஆம் ஆண்டு ஆவணியில் நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பியது. அடங்கிய நோய்க்கு மருந்தை ஒழுங்காக உண்ணாதவர்க்கு, உண்பவரைக் காட்டிலும் அது திரும்பும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கு மேல் என்று சிகாகோவில் செய்யப்பட்டு 2003ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. மருத்துவர் இதனை எங்களுக்கு முன்பே எடுத்துரைத்திருந்தார். ஆனால் அவர் உரைத்தது எங்களிடம். மாத்திரையை விழுங்க வேண்டியவள் மகள். அவளிடம் எவரும் உரைக்கவில்லை. வள்ளுவர் முதலில் வைத்தவரை நாங்கள் கடைசியில் வைத்துவிட்டோம்.

பதின்மூன்றுக்கும் பத்தொன்பதுக்கும் இடைப்பட்ட பருவம் ஒரு பாலம் போன்றது. அதுவரை தாய் கையால் மருந்து உண்ட பிள்ளை, இனித் தன் கையால் உண்ண வேண்டும். அதுவரை தந்தை பேசி மருத்துவர் கேட்டார். இனிப் பிள்ளை பேச வேண்டும். வெளியூர்க் கல்லூரி விடுதியில் சேரும் நாளில் தாயும் தந்தையும் உடன்போக இயலுமோ? ஆகவே இப்பருவத்திலேயே தன் நோயைத் தானே நடத்தக் கற்பிக்க வேண்டும். கற்பிப்பவர் யார்? கார்வேட்டிநகரத்திலிருந்து பெரிய மருத்துவமனைக்குப் போய்வர எங்களுக்கு ஒரு நாள் முழுதும் ஆகும். அன்றைக்கு இருவர் கூலியும் போயிற்று. மகளுக்குப் பள்ளியும் போயிற்று. திங்களுக்கொரு முறை சென்றால், பத்து நிமிடம் மருத்துவரைக் காணலாம். பத்து நிமிடத்தில் வாழ்க்கையைக் கற்பிக்க இயலுமோ?

இவ்விடத்தில்தான் கைப்பேசி எங்களுக்குக் கை கொடுத்தது. தொலைவிலிருந்து மருத்துவம் பெறுவது நம் மாவட்டத்துக்குப் புதிதன்று. இதே சித்தூர் மாவட்டத்தின் அரகொண்டா என்னும் சிற்றூர் மருத்துவமனையில்தான், 2000ஆம் ஆண்டு மார்ச்சு 24 அன்று, அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த பில் கிளிண்டன் தொலைமருத்துவத்தைத் தொடங்கி வைத்தார். இன்று அதற்கெனத் தனிக் கருவி வேண்டுவதில்லை. 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நடுவணரசு தொலைமருத்துவ நெறிமுறைகளை வெளியிட்டது. அடுத்த திங்களே 'இ-சஞ்சீவனி' வழியாக மக்கள் வீட்டிலிருந்தவாறே மருத்துவரைக் காணும் ஏற்பாடு வந்தது. எங்கள் மகளின் மருத்துவமனையிலோ, செவிலியர் ஒருவர் இளம் நோயாளர்க்கெனக் கைப்பேசி வழியாகவே ஒரு வகுப்பு நடத்திவருகின்றார். அவர் வேண்டியவாறு அவர் பெயரையும் மருத்துவமனைப் பெயரையும் சொல்லாது விடுகின்றோம்.

அவ்வகுப்பின் முதற் பாடம் ஆறு கேள்விகள். கனடா நாட்டு டொரொண்டோவில் குழந்தைகள் மருத்துவமனையில் உருவாக்கப்பட்டு 2007ஆம் ஆண்டில் வெளியான அளவுகோல் அது. வயிற்றுவலி எவ்வளவு? இரத்தம் எவ்வளவு? மலம் இறுகியதா, இளகியதா? ஒரு நாளைக்கு எத்தனை முறை? இரவில் எழவேண்டியிருந்ததா? அன்றாட வேலைக்குத் தடையுண்டா? ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. எல்லாம் கூட்டினால் மிகுதி 85. பத்துக்குக் கீழ் நோய் அடங்கியிருக்கிறது. 65-உம் அதற்கு மேலும் கடுமை. ஊசி வேண்டா, குழாய் வேண்டா. பிள்ளை உண்மையைச் சொன்னால் போதும். பள்ளித் தேர்வில் மதிப்பெண் கூடவேண்டும். இத்தேர்வில் மட்டும் குறையவேண்டும் என்று எங்கள் மகள் வேடிக்கையாகச் சொல்வாள். இத்துடன் சில திங்களுக்கொரு முறை மலத்தில் 'கால்புரொடெக்டின்' என்னும் பொருளின் அளவைச் சோதிக்கின்றார்கள். குடலினுள் அழற்சி கனன்றுகொண்டிருந்தால், அவ்வளவு உயர்ந்து காட்டிக்கொடுத்துவிடும்.

இம்முறை பிற நாடுகளில் ஆராய்ந்து பார்க்கப்பட்டதே. டென்மார்க்கு நாட்டில் 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் ஐம்பதின்மருக்குச் சற்று மேற்பட்டோரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் வழக்கம்போல மருத்துவமனைக்கு வந்தனர். மற்றப் பிரிவினர் வீட்டிலிருந்தே இணையத்தில் தம் நிலையை எழுதி, பச்சை, மஞ்சள், சிவப்பு என்னும் நிறங்களால் அறிந்து நடந்தனர். 2017ஆம் ஆண்டில் வெளியான முடிவு யாதெனில், இணையத்தில் எழுதிய பிள்ளைகள் மருத்துவமனைக்கு வந்த முறைகளும் குறைந்தன. பள்ளிக்கு வராத நாட்களும் குறைந்தன. நோயும் அதனால் மிகவில்லை. அதே ஆண்டில் நெதர்லாந்தின் மாஸ்திரிக்ட்டு மருத்துவர்கள் வயதுவந்த 909 நோயாளரிடம் செய்த ஆய்வும், இத்தகைய தொலைக் கவனிப்பால் மருத்துவமனையில் படுக்க நேர்வது குறைகிறதென்று காட்டியது.

இவ்வளவும் கேட்டு, "கைப்பேசி ஒன்று வாங்கிக் கொடுத்தால் போதும்" என்று கருதிவிடாதீர்கள். நாங்கள் செய்த பிழையை இங்கே சொல்லியாக வேண்டும். மகள் அடித்தது போக மீதியிருப்பது இது.

கைப்பேசியில் கணக்கு எழுதத் தொடங்கிய பிறகு, நாங்கள் இரவுதோறும் அதனை வாங்கிப் பார்த்தோம். எண் பத்தைத் தாண்டினால் தாய் அழுவார், தந்தை, "என்ன தின்றாய்? யார் வீட்டில் தின்றாய்?" என்று துருவுவார். அன்புதான்; ஐயமில்லை. ஆனால் அவ்வன்பின் கண்ணுக்கு அஞ்சி, மகள் எண்ணைக் குறைத்து எழுதத் தொடங்கினாள். ஐந்து, ஐந்து, பூச்சியம், ஐந்து என்று அழகாக ஓடிற்று கணக்கு. நாங்கள் மகிழ்ந்தோம். கால்புரொடெக்டின் சோதனை வந்தது. அளவு மிக உயர்ந்திருந்தது. கணக்கெழுதிப் பிழைக்கும் வீட்டிலேயே கள்ளக் கணக்கு!

செவிலியர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. மகளையும் கடிந்துகொள்ளவில்லை. "இக்கணக்கை இரவில் யார் படிக்கின்றார்கள்?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் தலைகுனிந்தோம். அவர் கூறியது இதுதான்: பிள்ளை பெற்றோருக்காக எழுதினால் பெற்றோரை மகிழ்விக்கவே எழுதும், தனக்காக எழுதினால்தான் உண்மையை எழுதும். அன்று எங்களுக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். கைப்பேசிக் கணக்கு மகளுடையது. ஞாயிறுதோறும் அவளே எங்களுக்குக் காட்டுவாள். மற்ற நாட்களில் நாங்கள் கேட்கமாட்டோம். எண் 35-ஐத் தொட்டாலோ, இரவில் இரத்தம் போனாலோ, எந்நேரமாயினும் எங்களை எழுப்ப வேண்டும். நாங்கள் எக்கேள்வியும் கேளாமல் உடன் புறப்பட வேண்டும். முதல் வாரம் கேட்காமலிருப்பது எங்களுக்குப் பட்டினி கிடப்பதைவிடக் கடினமாக இருந்தது. மூன்றாம் வாரம் நள்ளிரவில் அவளே வந்து எழுப்பினாள். "நாற்பது" என்றாள். புறப்பட்டோம். காலத்தே சென்றதால் மருந்தை மாற்றியதோடு போயிற்று. படுக்கையில் சேர்க்க நேரவில்லை.

தன் நோயைத் தானே நடத்துவது என்றால், பிள்ளையைத் தனியே விட்டுவிடுவதன்று. ஓட்டக் கற்கும் பிள்ளையின் மிதிவண்டியைப் பின்னிருந்து பிடித்து ஓடுகிறோமே, அதுபோன்றது. கையை எடுப்பதும் நம் வேலை. உடன் ஓடுவதும் நம் வேலை. வள்ளுவர் நான்காவதாக வைத்த உடனிருப்பவர் கடமை இதுவே என்று உணர்ந்தோம்.

ஞாயிறு மாலையில் அச்செவிலியர் ஆறேழு பிள்ளைகளைத் திரையில் ஒன்றுகூட்டுகின்றார். சிலர் தெலுங்கில் பேசுவர். சிலர் தமிழில் பேசுவர். இரண்டும் கலந்து பேசுவோரே மிகுதி. பள்ளியில் ஆசிரியரிடம் எப்படிச் சொல்வது, திருமண விருந்தில் எதை உண்பது, தேர்வு நாளில் என்ன செய்வது, முகம் உப்பவைக்கும் ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமே சட்டென நிறுத்தினால் என்ன இடர் வரும் என்றெல்லாம் பேசிக்கொள்வர். மாதவிலக்கு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளுள் சில இக்குடலுக்கு ஆகாதவை என்பதை எங்கள் மகள் அங்கேதான் அறிந்தாள். முதல் ஞாயிறு அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. மற்றொரு பெண் தன் புத்தகப் பையில் மாற்றுடை வைத்திருப்பதைச் சிரித்துக்கொண்டே காட்டியபோது, எங்கள் மகளும் தன் பையைத் திறந்து காட்டினாள். இரண்டு ஆண்டுகளில் நாங்கள் அளிக்க முடியாத ஆறுதலை அவ்வொரு நொடி அளித்தது.

இணையத்தில் நஞ்சும் உண்டு என்பதை மறைக்கமாட்டோம். "மாத்திரையை விடு, எங்கள் பொடியை உண்" என்று கூறும் ஒளிப்படங்கள் எண்ணற்றவை. அவற்றுக்கு எங்கள் வீட்டில் ஒரே விதி: மருத்துவரைக் கேளாமல் எதையும் தொடங்குவதுமில்லை, நிறுத்துவதுமில்லை. சோதனைத் தாள்களைப் பொதுக் குழுக்களில் இடுவதுமில்லை. ஒரு நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ இரத்தப்போக்கு, அத்துடன் காய்ச்சல், நாடித் துடிப்பு மிகுதல், ஓயா வாந்தி, வயிறு உப்பிக் கடுத்தல் ஆகியன கண்டால், கைப்பேசியை வைத்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடவேண்டும். கடுமைக்கு இத்தகைய அடையாளங்களை ஆக்ஸ்போர்டு மருத்துவர்கள் ட்ரூலவ், விட்ஸ் இருவரும் 1955ஆம் ஆண்டிலேயே வகுத்துத் தந்தனர். மனம் சோர்ந்தால் 14416 என்னும் எண்ணில் 'டெலி-மானஸ்' உதவி உண்டு. 2022ஆம் ஆண்டில் தொடங்கிய இவ்வரசுப் பணிக்குக் கட்டணமில்லை.

இனிச் சங்கத்தாரிடம் எங்கள் வேண்டுகோள். 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் எல்லை மாறியபோது, திருத்தணி அப்பக்கம் சென்றது. கார்வேட்டிநகரம் இப்பக்கம் நின்றது. அதனால் இங்கு வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கும், மருத்துவமனையில் ஆங்கிலமும், அடுப்பங்கரையில் தமிழும் பேசுகின்றனர். எம்மொழியையும் நாங்கள் குறை கூறவில்லை; மூன்றும் அவர்களை வாழவைக்கின்றன. ஆயினும் நோயைப் பற்றிப் பாட்டியிடம் சொல்லச் சொல்லில்லாதபோது, பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. தில்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்து இந்நோயாளரின் உணவுக் கணக்குக்கெனக் கைப்பேசிச் செயலி ஒன்றை ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியிட்டன. அது நற்பணி. நாம் செய்யக்கூடியது சிறிது. ஆனால் நம்மால் மட்டுமே செய்யக்கூடியது. அவ்வாறு கேள்விகளையும், ஓடவேண்டிய அடையாளங்களையும் பாட்டிக்கும் விளங்கும் தமிழில் ஒரே அட்டையில் எழுதித் தர எங்கள் மகள் முன்வந்திருக்கிறாள். மருத்துவர் பார்த்துத் திருத்திய பின், சங்கம் அதனை அச்சிட்டு வீடுதோறும் தர வேண்டுகின்றோம்.

இரண்டாவது, நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில், கேட்டவுடன் கழிவறைக்குச் செல்ல இசைவும், தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிவறையும் கிடைக்கச் சங்கம் பேச வேண்டும். இது நோயுற்ற பிள்ளைக்கு மட்டுமன்று, எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டுவதே. மூன்றாவது வேண்டுகோள் தாய்மார்களுக்கு. நாளை எங்கள் மகளைத் தெருவில் கண்டால், "ஐயோ பாவம்" என்று சொல்லாதீர்கள். "இதைத் தின்னலாமா, அதைத் தின்னலாமா" என்றும் கேட்காதீர்கள். "பாடம் எப்படி?" என்று கேளுங்கள். அவள் பத்தாம் வகுப்பில் தேறி, இவ்வாண்டு இண்டர்மீடியட்டில் உயிரியல் படிக்கிறாள். அக்கேள்விக்கு அவள் நெடுநேரம் விடை சொல்லுவாள்.

சென்ற ஆடிக் கிருத்திகைக்கு நாங்கள் குடும்பத்தோடு திருத்தணி சென்றுவந்தோம். வழியில் எங்கெங்கே கழிவறை உண்டு என்று மகளே முன்னதாகக் குறித்து வைத்திருந்தாள். எங்களை அழைத்துச் சென்றவள் அவள். உடன் சென்றவர் நாங்கள்.

இக்கூட்டத்தில் எங்கோ ஒரு பிள்ளை, மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் மகள் இருந்ததுபோல், வாய்திறவாது அமர்ந்திருக்கக்கூடும். அப்பிள்ளைக்குச் சொல்கின்றோம்: செல்வமே, இன்றிரவே உன் தாயிடம் சொல். தாயிடம் சொல்லக் கூச்சமானால், எங்கள் வீட்டுக்கு வா. அங்கே ஒரு பெண் உனக்கு அவ்வாறு கேள்விகளையும் கற்றுத் தருவாள்.